மூன்று மாப்பிள்ளைகளும் ஒரு சர்க்கரை லைசென்ஸும்

என் அப்பா சகாதேவன் எனக்கு மூன்று கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். மூன்றுக்கும் பத்திரிகை அடித்தார், முகூர்த்தம் குறித்தார், மண்டபத்தின் பெயர் போட்டார். மாப்பிள்ளை மட்டும் கிடையாது. எல்லாம் சர்க்கரைக்காக.

இது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்துச் சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளில் சர்க்கரைக்கு இரண்டு விலை. அரசாங்கம் ஆலைகளிடமிருந்து எடுத்து, லைசென்ஸ் வைத்திருக்கும் கடைகள் வழியாகக் கொடுப்பது ஒரு விலை. வெளியில் விற்பது இன்னொரு விலை, அது ஜாஸ்தி. வீட்டில் கல்யாணம் என்றால் பத்திரிகையையும் ரேஷன் கார்டையும் சப்ளை ஆபீசில் காட்டலாம். கட்டுப்பாட்டு விலையில் கூடுதல் சர்க்கரை வாங்கிக்கொள்ள ஒரு பர்மிட் தருவார்கள். அந்தப் பர்மிட்டோடு லைசென்ஸ் கடைக்குப் போனால் சர்க்கரை கிடைக்கும். திருவண்ணாமலையில் அந்த லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் அப்பாவும் ஒருவர். தேரடித் தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, மாடியில் வியாபாரிகள் சங்கத்து ஹால்.

பர்மிட் வாங்குகிறவரும் தானே, பர்மிட்டுக்குச் சர்க்கரை கொடுக்கிறவரும் தானே என்று ஆகிவிட்டால் எவ்வளவு சௌகரியம் என்று அப்பாவுக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. இந்த யோசனைக்காக அவர் பல நாள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். முதலில் மூட்டை தூக்குகிறவர்களின் பெண்களுக்குப் பத்திரிகை அடித்தார். அந்தச் சர்க்கரை கல்யாணச் சமையலுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்கும் மிட்டாய்க் கடைகளுக்கும் வெளி விலைக்குப் போனது. ஆனால் பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும் என்று சப்ளை ஆபீசில் ஒரு விதி இருந்தது. ஆட்களின் வீடுகளில் பெண்கள் தீர்ந்துபோனார்கள். எங்கள் கார்டில் நான் இருந்தேன்.

பத்திரிகை அடித்தவர் மல்லிநாதன். கோபுரத் தெருவில் சின்ன அச்சகம். சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், அதனால் நாலு மணிக்கே கடையைச் சாத்தப் பரபரப்பார். இரண்டாவது கல்யாணத்துக்கு அப்பா போனபோது அவர் கேட்டாராம்: "போன வருஷம் அச்சுக் கோத்த எழுத்த நான் கலைக்கவே இல்ல சார். கயிறு கட்டி அப்படியே வச்சிருக்கேன். தேதியும் மாப்பிள்ளை பேரும் மாத்தினா போதுமில்ல?" அப்பா இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். மல்லிநாதன் கோத்துக்கொடுக்கிற கூலியில் பாதியைக் கழித்துக்கொண்டதும் அந்தப் பெருமையில் சேர்த்தி.

அப்பாவுக்குக் கற்பனையும் உண்டு. முதல் மாப்பிள்ளை பி.ஏ. இரண்டாவது வருஷம் என்ஜினீயர். மூன்றாவது வருஷம் எம்.பி.பி.எஸ். என் அந்தஸ்து ஏற ஏறச் சர்க்கரையும் ஏறும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா சரோஜா அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிற பையன ஒருத்தன பாருங்களேன்" என்றாள். "பாப்போம் பாப்போம், ஸ்டாக் வர்ற நேரம்" என்றார் அப்பா. நான் பி.யூ.சி. முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா யாரையும் நம்ப மாட்டார். தன்னைப் போலவே எல்லோரும் இருப்பார்கள் என்ற பயம்.

இப்படிப்பட்ட மனிதர்தான் நாலு வீதி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். மேடையில் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "கட்டுப்பாடு என்பது வியாபாரியின் கழுத்தில் அரசாங்கம் மாட்டிய சுருக்கு!" என்று அவர் முழங்கும்போது வேட்டி நுனி கையில் இருக்கும், கண் கலங்கும். சுருக்கு அவர் கழுத்தில் தங்கச் சங்கிலி மாதிரி கிடந்ததை நான் கீழே கல்லாவிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபத்தெட்டு சித்திரையில், மெட்ராஸிலிருந்து ஒரு பொருளாதாரப் பேராசிரியரை வரவழைத்து மாடியில் பெரிய கூட்டம் போட்டார்கள். கட்டுப்பாடுகளை நீக்கச் சொல்லி அரசாங்கத்துக்குத் தீர்மானம் அனுப்புவது என்று ஏற்பாடு. நான் காப்பித் தூக்கோடு மாடிப்படியில் நின்று கேட்டேன். பேராசிரியர் நல்லவர். போட்டி வந்தால் விலை குறையும், திறமை உள்ளவன் முன்னுக்கு வருவான் என்று ஒரு மணி நேரம் பேசினார். விலை குறையும் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு தீர்மானம். அரிசி மில் வேடியப்பன் எழுந்தார்.

"கவர்மெண்டு லெவின்னு கம்மி வெலைக்கு நெல்லு எடுக்கறது கட்டாயம் போவணும். ஆனா புதுசா மில்லு வைக்க எவனுக்கும் லைசென்ஸ் குடுக்கக் கூடாது. இப்பவே மில்லு ஜாஸ்தி."

பஸ் முதலாளி ஆதிமூலம் எழுந்தார். "எல்லாக் கட்டுப்பாடும்னு பொதுவா எழுதாதீங்க. ரூட் பர்மிட்ட அதுல சேக்கக் கூடாது. அது கட்டுப்பாடு இல்ல, ஒழுங்கு."

சிமெண்ட் விற்கிறவர், சிமெண்ட் பற்றாக்குறையான சாமான், அதைத் திறந்துவிட்டால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்றார். ஏழைகள் யாரும் அவரிடம் சிமெண்ட் வாங்கி நான் பார்த்ததில்லை. சினிமாக் கொட்டகைக்காரர், ஊருக்குள் இன்னொரு கொட்டகைக்கு அனுமதி தரக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"சார், அப்ப எதுக்குத்தான் கட்டுப்பாடு போகணும்?"

"மத்ததுக்கெல்லாம்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவர்களுடைய உண்மையான தீர்மானம்.

கடைசியில் தேவையற்ற கட்டுப்பாடுகளை உரிய நேரத்தில் உரிய முறையில் அரசு பரிசீலிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட ஒரே சரக்கு சர்க்கரை. அப்பாதான் சேர்க்கச் சொன்னார். எல்லோரும் அவரவர் சரக்கைப் பொத்திப் பொத்தி வைத்தபோது, தலைவர் மட்டும் தன் சரக்கைத் தியாகம் செய்கிறார் என்று கைதட்டல் எழுந்தது. அரசாங்கம் கேட்டதைக் கொடுத்துவிடும் என்று அப்பா கனவிலும் நினைக்கவில்லை. கேட்பது ஒரு கௌரவம், கிடைக்காமல் இருப்பது வியாபாரம்.

அந்தக் கூட்டத்துக்குப் போளூரிலிருந்து வேர்க்கடலை மண்டி இருசப்பனும் வந்திருந்தார். கூடவே அவர் மகன் ராஜேந்திரன். கூட்டம் முடிவதற்கு முன்பே அவன் கீழே இறங்கி வந்து, கல்லாப் பக்கத்தில் நின்று ஒரு சோடா கேட்டான். பாதி குடித்துவிட்டு என்னிடம் கேட்டான்:

"தப்பா நெனைக்காதீங்க. நெசமாவே சக்கரைக்குக் கட்டுப்பாடு போயிட்டா, உங்க அப்பா எத வச்சி வியாபாரம் பண்ணுவாரு?"

நான் அப்படியே அவனைப் பார்த்தேன். இதே கேள்வியை நான் ஒரு வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் என்னிடம் சரக்கு உண்டா, சில்லறை உண்டா என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் இல்ல. எங்ககிட்ட இருக்கறது சக்கரை இல்ல, பர்மிட்டு" என்றேன்.

அவன் சிரித்தான். தன் அப்பாவின் மண்டியோடு நிற்காமல் சொந்தமாக எண்ணெய்ச் செக்கு வைக்கப் போவதாகவும், ஆரணி வரை சரக்கு அனுப்பப் போவதாகவும் சொன்னான். எந்த மெஷின் வாங்கலாம், கடன் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் யோசனை கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. வெளிப்படையாகவே சொல்கிறேன், மிகவும் பிடித்துப்போனது. அவர்கள் வீட்டிலிருந்து அடுத்த மாதமே ஜாதகம் கேட்டு ஆள் வந்தபோது, அம்மாவிடம் "சரின்னு சொல்லு" என்று நானே சொன்னேன். தையில் வந்து பெண் பார்ப்பது என்று பேச்சானது.

அதற்குள் அந்த அக்கிரமம் நடந்துவிட்டது. ஆடி முடிந்த கையோடு, அரசாங்கம் சர்க்கரைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். சங்கத்துக்காரர்கள் மாலையோடு ஓடி வந்தார்கள். நம்ம தீர்மானம் டில்லிக்கே போய்விட்டது, தலைவர் சாதித்துவிட்டார் என்று ஒரே ஆரவாரம். அப்பா மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை; உள்ளே போய்ச் சிரித்தேன்.

விலை இறங்க ஆரம்பித்தது. வெளி விலைக்கும் கட்டுப்பாட்டு விலைக்கும் நடுவே இருந்த சந்துதான் அப்பாவின் வியாபாரம்; அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. எதிரே வளையல் கடைக்காரர்கூட வாசலில் ஒரு மூட்டையைப் பிரித்து வைத்து விற்றார். விலை ஏறும் என்று அப்பா குடோனில் அடைத்து வைத்திருந்த பழைய சரக்கு ஐப்பசி மழையில் ஈரம் கோத்துக் கட்டி கட்டியானது. எறும்புகள் மட்டும் அதை மதித்தன.

"லாபம் கம்மியா வச்சி சீக்கிரம் வித்துத் தள்ளலாம்பா. தீபத்துக்கு வர்ற கூட்டத்துக்கு மிட்டாய்க் கடைங்களுக்கு எவ்வளவோ வேணும். நாமே போய் ஆர்டர் எடுக்கலாம்" என்றேன்.

"நாம என்னா பொட்டிக்கடையா? ஆர்டர் எடுக்கறதுக்கு ஊர் ஊரா அலையறதுக்கு?" என்றார். இருபது வருஷம் வியாபாரி என்று சொல்லிக்கொண்டவருக்கு ஒரு சரக்கை வாங்கி, நியாயமாக லாபம் வைத்து விற்கத் தெரியவில்லை. கேட்டு வருகிறவனை நாளைக்கு வா என்று சொல்லத்தான் தெரிந்திருந்தது.

கார்த்திகை முடிந்ததும் சங்கம் மறுபடி கூடியது. சிறு வியாபாரிகளின் நலன் கருதிச் சர்க்கரைக்கு உடனே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்று ஒரு தீர்மானம். முன்மொழிந்தவர் என் அப்பா. முழங்கிய அதே தொண்டை, கலங்கிய அதே கண். தீர்மானத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போய் வந்தார்கள். கட்டுப்பாடு திரும்ப வந்தால் பழைய லைசென்ஸ்காரர்களுக்குத்தான் முதலிடம், ஆனால் அவர்கள் பேரில் புகார் எதுவும் இருக்கக் கூடாது என்று யாரோ அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பா லைசென்ஸைத் தினமும் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்.

தை பிறந்தது. போளூர்க்காரர்கள் வந்தார்கள். இருசப்பன், ராஜேந்திரன், கூடவே இருசப்பனின் மச்சான் ராமகிருஷ்ணன். கடையை ஒட்டிய கூடத்தில் பாய் விரித்திருந்தது. அம்மா கேசரி கிளறியிருந்தாள். நான் தட்டோடு வந்து நின்றபோது ராஜேந்திரன் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

ராமகிருஷ்ணன் கேசரியைத் தொடாமல் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. நான் முன்னாடி சப்ளை ஆபீசுல இருந்தவன். உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை என் டேபிளுக்கு வந்த மாதிரி ஞாபகம். மாப்பிள்ளை பி.ஏ.ன்னு போட்டிருந்தது."

இருசப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "மனசுல வச்சிக்கினு சம்பந்தம் பண்ணக் கூடாது பாருங்க. நேரா கேட்டுடலாம்னுதான் மச்சான கூட்டியாந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்."

ஒரு வார்த்தைதான். சர்க்கரைக்காக அடித்தது என்று சொல்லியிருக்கலாம். மண்டி நடத்துகிற மனுஷனுக்கு அது புரியாதா? சிரித்துவிட்டு வெற்றிலையை எடுத்திருப்பார். அப்பா ராமகிருஷ்ணனைப் பார்த்தார். சப்ளை ஆபீசுக்காரர். பிறகு கடைப்பக்கம், சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார். அவர் மனசுக்குள் தராசு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஒரு தட்டில் அது, ஒரு தட்டில் நான்.

"அது... நிச்சயம் ஆச்சிங்க. கடைசி நேரத்துல நின்னு போச்சி" என்றார்.

அம்மா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்துவிட்டாள். ராமகிருஷ்ணன் விடவில்லை.

"அடுத்த வருஷம் ஒரு என்ஜினீயர்?"

"அதுவும் நின்னு போச்சிங்க. பையன் வூட்ல சரியில்ல."

"அப்புறம் ஒரு டாக்டரு..."

"ஜாதகத்துல கோளாறு" என்றார் அப்பா. வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் குரல் பிசகவில்லை. மூன்று கல்யாணம் நின்றுபோன பெண் என்று என்னைப் பெற்றவரே, என் முன்னால், அவன் முன்னால் சொன்னார். இல்லாத டாக்டருக்கு என் ஜாதகத்தில் கோளாறாம்!

"நின்னு போறதுக்கு எந்தக் கல்யாணமும் ஏற்பாடே ஆவலிங்க" என்றேன். "மூணு பத்திரிகையும் சக்கரை பர்மிட்டுக்கு அடிச்சது. மல்லிநாதன் பிரஸ்ஸுல கேட்டுப் பாருங்க. மாப்பிள்ளைங்க எல்லாம் எங்க அப்பா எழுதினது."

"கஸ்தூரி! உள்ள போ!" என்று அப்பா கத்தினார்.

ராமகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அட, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா. இதுக்கா தலைவரே இவ்வளவு பயந்தீங்க? நான் இப்ப நெல்லுக் கொள்முதல்ல இருக்கேன். சக்கரை இன்னைக்குத் தெருத்தெருவா கெடக்கு. இதுக்குப் போயி எவன் உங்கமேல கேஸ் போடப் போறான்?"

அப்பா உயிர் வந்தவர்போலச் சிரித்தார். வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, கேசரி ஆறுது" என்றார். சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தார்.

இருசப்பன் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார்.

"பத்திரிகை அடிச்சது பெரிய விஷயம் இல்லிங்க தலைவரே. இல்லாத ஆயில் இன்ஜினுக்கு மண்ணெண்ண பர்மிட்டு வாங்கினவன்தான் நானும். வியாபாரத்துல எல்லாரும் பண்றதுதான். ஆனா நான் வூடு தேடி வந்து கேட்டேன். செல்லாத ஒரு லைசென்ஸுக்காக, பெத்த பொண்ண மூணு தபா விட்டுக் குடுத்தீங்க, என் கண்ணு முன்னாடியே. நாளைக்கி என் பையன் உங்ககூட ஒரு வரவு செலவு வச்சிக்கினா, அவன எதுக்கு விட்டுக் குடுப்பீங்க?"

"சம்பந்தி, நான் என்னா சொல்ல வந்தேன்னா..."

"பொண்ணு மேல குத்தமே இல்ல. அது தங்கமான பொண்ணு. உங்ககூட ஒறவு வேணாம்" என்று எழுந்துகொண்டார்.

நான் ராஜேந்திரனைப் பார்த்தேன். கல்லாவுக்கு எதிரே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டவன்தானே, வாயைத் திறப்பான் என்று நினைத்தேன். அவன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். அப்புறம் தன் அப்பா முகத்தைப் பார்த்தான். அப்புறம் செருப்பைத் தேடினான். வேறு ஒருவர் கையெழுத்து இல்லாமல் நகரத் தெரியாதவர்கள் எங்கள் சங்கத்தில் மட்டும் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அவன்மேல் வெறுப்பு வந்தது; அழுகையை அடக்க அது போதவில்லை. அடுக்களையில் போய் அழுதேன்.

அவர்கள் போளூர் பஸ் ஏறியிருப்பார்கள். அப்பா நாற்காலியில் சாய்ந்து, பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நல்ல வேள, சரோஜா. லைசென்ஸுக்கு ஒண்ணும் வராது. அந்தாளே சொல்லிட்டான்." அம்மா கேசரியைச் சட்டியோடு எடுத்துப் போய் வாசலில் நின்ற மாட்டுக்கு வைத்தாள். அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

ராஜேந்திரனுக்கு ஆவணியில் செங்கத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. எனக்கு வந்த இரண்டு வரன்களும், மூன்று கல்யாணம் நின்ற பெண்ணாமே என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டன. நான் சொன்ன உண்மை கூடத்தைத் தாண்டவில்லை. அப்பா சொன்ன பொய் போளூர், செங்கம், ஆரணி எல்லாம் சுற்றியது. தலைவர் வாயால் வந்ததாயிற்றே.

அந்த மார்கழியில் சர்க்கரைக்கு மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. அப்பாவின் லைசென்ஸுக்கு உயிர் வந்தது. அரசுக்கு நன்றி சொல்லி மாடியில் கூட்டம். வேடியப்பன் பேசினார், ஆதிமூலம் பேசினார். கட்டுப்பாடு இல்லாவிட்டால் நாட்டில் நியாயமே இருக்காது என்று என் அப்பா பேசி முடித்தபோது விழுந்த கைதட்டல் கீழே கடை வரைக்கும் அதிர்ந்தது. பேராசிரியரை இந்த முறை யாரும் கூப்பிடவில்லை.

அப்பா கழுத்தில் மாலையோடு படி இறங்கி வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் களை திரும்பியிருந்தது. என் தலையைத் தடவினார்.

"கவலப்படாத கஸ்தூரி. இனிமே உனக்கு மாப்பிள்ளைங்க வரிசைல நிப்பானுங்க. நம்மகிட்ட மறுபடி பர்மிட்டு இருக்கு."

"அப்ப வர்றவன் அந்தப் பர்மிட்டையே கட்டிக்கினு போவட்டும்பா. அதுக்கு நான் எதுக்கு?" என்றேன்.

அப்பா மாலையைக் கழற்றிக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். நான் ஏதோ வியாபார யோசனை சொன்னதாக நினைத்து, நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"லைசென்ஸ வேற ஆளுக்கு மாத்தித் தர முடியாதும்மா" என்றார். "ரூல் எடம் குடுக்காது."